1985 ஜாகுவார் எக்ஸ்ஜே6: பழைய இஞ்சினையே கட்டறதா, எல்எஸ் வி8 போடறதா, ஏஜே16 போடறதா?

போன வருஷம் ஜூலைல சான் ஹோசேல இருந்து ஹைவே 152ல பச்சேகோ பாஸ் ஏறிட்டு இருந்தப்ப டெம்பரேச்சர் முள்ளு நடுவுல இருந்து மெதுவா நகர ஆரம்பிச்சுது. ஏசிய நிறுத்தி, ஹீட்டர முழுசாத் திறந்துவிட்டு, லாரிங்க போற ஓரத்து லேன்ல ஊர்ந்தும் பிரயோஜனம் இல்ல, சான் லூயிஸ் அணைத் தண்ணி கண்ணுல படறதுக்குள்ள பின்னாடி வெள்ளப் புகை. ஹெட் கேஸ்கெட் போயிருச்சுன்னு அப்பவே தெரியும். வண்டிய டோ பண்ணி ஒரு பட்டறைல விட்டேன், அவங்க கேஸ்கெட் மட்டும் மாத்திக் குடுத்துட்டாங்க, பிளாக்க சரியாப் பாக்கவே இல்ல. மூணு வாரத்துல திரும்பக் கூலன்ட் கொறைய ஆரம்பிச்சுது. ரெண்டாவது தடவ ஹெட்டக் கழட்டறப்ப நானே பக்கத்துல நின்னு பாத்தேன், மூணாவது நாலாவது சிலிண்டருக்கு நடுவுல பிளாக்ல மயிரிழை மாதிரி ஒரு விரிசல். கூடவே ஹெட் ஸ்டட்ல ரெண்டு, துரு தின்னு பாதியா இருந்துச்சு.

அன்னைல இருந்து எட்டு மாசமா இந்த ஒரே கேள்விதான். இஞ்சினுக்கு என்ன பண்றது. இதே எடத்துல நிக்கற வேற யாருக்காவது உதவும்னுதான் எழுதறேன், ஏன்னா நான் தேடினப்ப கெடச்சதெல்லாம் "எல்எஸ் போடு, வேலை முடிஞ்சுது"ங்கற ரகம்தான் (எல்எஸ்னா செவர்லேயோட புதுத் தலைமுறை வி8, தலைப்புல இருக்கற ஏஜே16 ஜாகுவாரோட பிற்கால ஆறு சிலிண்டர் இஞ்சின்), அதுல பாதி விஷயத்த யாரும் சொல்றதே இல்ல.

மொதல்ல வண்டிய பத்தி கொஞ்சம். எக்ஸ்ஜே6 வந்தது 1968ல, சர் வில்லியம் லயன்ஸ் கடைசியா தன் கையால வடிவம் பாத்த பெரிய கார். என்னோடது சீரிஸ் 3, 1979ல ஆரம்பிச்ச வரிசை, 4.2 லிட்டர் எக்ஸ்கே இஞ்சின், மூணு ஸ்பீடு போர்க்வார்னர் ஆட்டோமேட்டிக். அமெரிக்காவுக்கு வந்த வண்டில புகை விதிக்காக கம்ப்ரெஷன கொறச்சு கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் மாட்டி அனுப்பினதால 176 குதிரைசக்திதான், இங்கிலாந்துல அதே இஞ்சின் 200ஐத் தொடும். இந்தக் காரோட அருமை வேகத்துல இல்ல. குழி விழுந்த ரோட்டுல போனாலும் உள்ள உக்காந்திருக்கறவங்களுக்கு ஒரு அசைவு தெரியாது, காத்து சத்தம் தவிர வேற சத்தம் கேக்காது, அந்த பானட்டோட நீளம் கண்ணு முன்னால விரிஞ்சு கெடக்கும். என்ன இஞ்சின் போட்டாலும் இந்த மூணும் கெடக்கூடாது. நான் எல்லாத்தையும் இத வெச்சுதான் அளந்தேன்.

இன்னொண்ணு, சட்டம். இதத்தான் மொதல்ல பாத்திருக்கணும், நான் பாத்தது கடைசில. கலிஃபோர்னியால 1975 மாடல் வரைக்கும் இருக்கற பெட்ரோல் வண்டிக்கு ஸ்மாக் செக், அதாவது புகை டெஸ்ட், கெடையாது, சீரிஸ் 1ஓ ஆரம்பகால சீரிஸ் 2ஓ வெச்சிருக்கறவங்க என்ன வேணா போட்டுக்கலாம். 1976ல இருந்து ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் டெஸ்ட் உண்டு, எங்க ஏரியால இந்த வயசு வண்டிய உருளை மேல ஏத்தி 15 மைல்லயும் 25 மைல்லயும் ஓட்டிப் புகைய அளப்பாங்க. இஞ்சின் மாத்தினா அதுக்குத் தனி விதி: போடற இஞ்சின் வண்டியோட வருஷம் அல்லது அதுக்கு அப்புறம் வந்ததா இருக்கணும், அந்த இஞ்சின் பொறந்த கார்ல என்னென்ன புகைக் கட்டுப்பாட்டுச் சாமான் இருந்துச்சோ அத்தனையும் கூடவே வரணும், கேட்டலிட்டிக், ஆக்ஸிஜன் சென்சார், பெட்ரோல் ஆவி புடிக்கற கரி டப்பா, செக் இஞ்சின் லைட்டு உட்பட. எல்லாம் மாட்டி முடிச்சு ரெஃப்ரீன்னு சொல்ற மாநிலப் புகைப் பரிசோதகர் கிட்ட கொண்டுபோய்க் காட்டணும், அவங்க பெரும்பாலும் கம்யூனிட்டி காலேஜ்ங்கள்ல இருப்பாங்க, திருப்தி ஆனா கதவுத் தூண்ல ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவாங்க. 35 வருஷத்துக்கு மேலான கிளாசிக் வண்டிக்கு விலக்கு குடுக்கற மசோதா ஒண்ணு 2025ல டிவி பிரபலம் ஜே லெனோ ஆதரவோட போச்சு, நானும் ரொம்ப நம்பிக்கையோட இருந்தேன், கமிட்டியோட நின்னுருச்சு.

அதனால இதப் படிக்கறவங்க எந்த மாநிலத்துல இருக்கீங்க, வண்டி எந்த வருஷம்ங்கறத வெச்சே பாதி முடிவு ஆயிரும். ஹூஸ்டன்ல எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணன் 1979 எக்ஸ்ஜே6ல எல்எஸ் போட்டு ஓட்டிட்டு இருக்கார், டெக்ஸாஸ்ல அந்த வயசு வண்டிக்குப் புகை டெஸ்ட்டே இல்ல. அவரு ஆறு மாசத்துல முடிச்ச வேலைய நான் அப்படியே இங்க செய்ய முடியாது.

எக்ஸ்கேயவே திரும்பக் கட்டறது

மனசு மொதல்ல போனது இதுக்குத்தான். இரண்டாம் உலகப் போர்ல கவென்ட்ரி ஃபேக்டரில ராத்திரி குண்டு விழுதான்னு காவல் இருந்தப்ப லயன்ஸ், வில்லியம் ஹெய்ன்ஸ், வால்டர் ஹாசன், கிளாட் பெய்லி இவங்கல்லாம் உக்காந்து பேசிப் பேசி உருவாக்கின இஞ்சின் இது. 1948ல எக்ஸ்கே120ல வெளிய வந்துச்சு, 3.4 லிட்டர், ரெட்டை கேம்ஷாஃப்ட், அலுமினிய ஹெட். 1951ல இருந்து 1957க்குள்ள லெ மான்ஸ் 24 மணி நேர ரேஸ அஞ்சு தடவ ஜெயிச்சுது. பிரிட்டிஷ் ராணுவத்தோட ஸ்கார்பியன் டாங்கில கூட இதுதான். எக்ஸ்ஜே6 பானட்டத் திறந்தா நீளமா பளபளன்னு ரெண்டு கேம் கவர் தெரியுதே, பாதி ஜாகுவாரே அதுதான்னு நெனைக்கறவங்க நெறைய பேரு, அவங்கள நான் தப்புன்னு சொல்லமாட்டேன்.

ஆனா 4.2ல பொறப்புலயே ஒரு பலவீனம் இருக்கு. 1964ல 3.8ல இருந்து 4.2 ஆக்கறப்ப, பிளாக்கோட நீளத்த மாத்தாம துளைய 92 மில்லிமீட்டருக்குப் பெருசாக்கினாங்க. எடம் பத்தணும்னு ஓரத்து சிலிண்டர வெளிய தள்ளி நடு சிலிண்டர்ங்கள நெருக்கி வெச்சாங்க, ஹெட் மட்டும் பழைய அளவுலயே. அதனால நடுவுல சிலிண்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவுல தண்ணி ஓடறதுக்கு எடமே இல்ல. வருஷக்கணக்கா பிளாக்கோட பின்பக்கம் சேறு மாதிரி துரு படிஞ்சு, ரேடியேட்டரும் பாதி அடைச்சு, ஒரு நாள் நல்லா ஓவர்ஹீட் ஆச்சுன்னா விரிசல் விடறது அங்கதான். என்னுது அதே எடம்தான். சின்ன விரிசலோட ஓடற பிளாக் எத்தனையோ இருக்குன்னு அனுபவப்பட்டவங்க சொல்றாங்க, சிலிண்டருக்குள்ள புது உருளை (ஸ்லீவ்) அடிச்சும் காப்பாத்தலாம், ஆனா என்னுதுல ஏற்கனவே கூலன்ட் போற வழி ஆயிருச்சு.

இத்தோட டேப்பெட் கைடு விவகாரமும் உண்டு. இரும்பு கைடு அலுமினிய ஹெட்டுக்குள்ள இறுக்கமா உக்காந்திருக்கும், சூடு அதிகமானா ஹெட் விரிஞ்சு கைடு தளர்ந்து மேல எழும்பி கேம்ல இடிக்கும். அத அமுக்கிப் புடிக்க சின்னத் தகடு போட்டு ஸ்க்ரூ அடிக்கற கிட் இருக்கு, விலையும் கம்மி, நீங்க எக்ஸ்கேயவே வெச்சுக்கப் போறீங்கன்னா நாளைக்கே போட்டுருங்க. பின்பக்கம் கயிறு மாதிரி சீல் இருக்கறதால எவ்வளவு நல்லாக் கட்டினாலும் கொஞ்சம் ஆயில் சொட்டும், அத ஏத்துக்கணும்.

செலவு? நல்ல லேத் வேலை, பிஸ்டன், பேரிங், ஹெட் வேலை எல்லாம் சேர்த்து எனக்குச் சொன்ன விலை பத்தாயிரம் டாலரத் தாண்டிப் போச்சு, அதுவும் நல்ல பிளாக் ஒண்ணு நான் கொண்டுவந்து குடுக்கணும். ஓடற நிலைமைல ஒரு முழு சீரிஸ் 3 வண்டியே அதவிடக் கம்மிக்குக் கெடைக்குது. அப்ப அப்படி ஒரு வண்டிய வாங்கி அதோட இஞ்சினத் தூக்கி மாட்டிக்கலாமேன்னு என் மனைவியே கேட்டா, நியாயமான கேள்வி. சட்டத்துலயும் சிக்கல் இல்ல, அதே இஞ்சின் அதே சாமான். பயம் என்னன்னா அதுவும் நாப்பது வருஷப் பிளாக், அதுக்குள்ள என்ன இருக்குன்னு கழட்டினாத்தான் தெரியும், கழட்டினா ரீபில்ட் செலவு.

இதுக்கு நடுவுல நான் கத்துக்கிட்ட ஒரு முக்கியமான விஷயம், எனக்கு இந்த வண்டில புடிக்காததுன்னு நெனச்சதுல பெரும்பகுதி இஞ்சினோட தப்பே இல்ல, கியர்பாக்ஸோட தப்பு. மூணு ஸ்பீடு, ஓவர்டிரைவ் கெடையாது. என் வண்டில பின் ஆக்ஸில் விகிதம் 2.88, மணிக்கு 70 மைல்ல போனா இஞ்சின் கிட்டத்தட்ட 2,600 சுத்து சுத்தும். ஓவர்டிரைவ் 0.70 இருக்கற நாலு ஸ்பீடு பாக்ஸ் இருந்தா அதே வேகத்துல 1,800. இஞ்சின் சத்தம், சூடு, பெட்ரோல் மூணும் ஒரே அடில எறங்கும். உங்க எக்ஸ்கே நல்லா இருந்து "வண்டி மந்தமா இருக்கு, ஹைவேல கத்துது"ங்கறதுதான் கொறைன்னா, தயவுசெஞ்சு இஞ்சினத் தொடாதீங்க, ஜிஎம் (செவர்லேயோட தாய்க் கம்பெனி) 700ஆர்4 மாதிரி ஓவர்டிரைவ் இருக்கற ஒரு நாலு ஸ்பீடு பாக்ஸ அடாப்டர் வெச்சு மாட்டுங்க, ரேடியேட்டர ரீகோர் பண்ணுங்க, பிளாக்க நல்லா ஃப்ளஷ் பண்ணுங்க. இங்கிலாந்துல சீரிஸ் 3யில ரோவர் அஞ்சு ஸ்பீடு மேனுவல் கூட ஃபேக்டரிலயே குடுத்தாங்க, அந்த பாகங்கள வரவழைச்சு மாட்டினவங்களும் உண்டு. என் பிளாக் மட்டும் விரிசல் விடாம இருந்திருந்தா நான் இதத்தான் செஞ்சிருப்பேன், சந்தேகமே இல்லாம.

செவி வி8: பழைய 350, புது எல்எஸ்

ஜாகுவார்ல செவர்லே வி8 போடறது நாப்பது வருஷத்துக்கு மேலான வழக்கம், அமெரிக்காவுல அதுக்கு கிட்டே விக்கறாங்க, மவுண்ட், கிராஸ்மெம்பர், எக்ஸாஸ்ட், வயரிங் விளக்கம் எல்லாம். எடம் பிரச்சனையே இல்ல, ஏன்னா 1972ல இருந்து இதே பானட்டுக்குள்ள ஜாகுவார் தன்னோட 5.3 லிட்டர் வி12ஐயே வெச்சு வித்துச்சு. ஜாகுவார்ல அமெரிக்கச் சாமான் போட்டா தீட்டுன்னு பேசறவங்களுக்கு ஒரு விஷயம் சொல்லணும், ஃபேக்டரில இருந்து வர்றப்பவே எக்ஸ்ஜேயோட ஏசி கம்ப்ரெஸர் ஜிஎம் ஹாரிசன், பிற்கால எக்ஸ்ஜே12 கியர்பாக்ஸ் ஜிஎம் டர்போ 400. ஜாகுவார் டெய்ம்லர் கம்பெனிய 1960ல வாங்கின கையோட மார்க் 2 பாடிக்குள்ள டெய்ம்லரோட 2.5 லிட்டர் வி8ஐ வெச்சு 1962ல வித்ததும் அவங்கதான். இஞ்சின் மாத்தறது அந்த வீட்டுக்குப் புதுசு இல்ல.

பழைய 350 ஸ்மால் பிளாக்க நான் சீக்கிரமே ஒதுக்கிட்டேன். மலிவு, எந்த ஊர்லயும் ஸ்பேர் கெடைக்கும், எந்த மெக்கானிக்கும் கை வெப்பான், எல்லாம் சரி. ஆனா எனக்கு 1985 அல்லது அதுக்கு அப்புறத்து இஞ்சின் வேணும், அந்தக் காலத்து த்ராட்டில் பாடி, இல்லைன்னா டியூன்ட் போர்ட் பெட்ரோல் இன்ஜெக்ஷன் சிஸ்டத்த முழுசா இப்பத் தேடி சேகரிக்கறது தலைவலி, அவ்வளவு கஷ்டப்பட்டு கெடைக்கறது இன்னொரு நாப்பது வருஷப் பழைய இஞ்சின். 1975 வரைக்குமான வண்டி வெச்சிருக்கறவங்களுக்கு இது நல்ல வழி, கார்ப்பரேட்டர் 350, 700ஆர்4, கத முடிஞ்சுது.

எல்எஸ் வேற ஆளு. 1997 கொர்வெட்ல வந்த எல்எஸ்1, 5.7 லிட்டர், பிளாக்கும் ஹெட்டும் அலுமினியம், 345 குதிரைசக்தி. எக்ஸ்கேயோட இரும்பு பிளாக்கும் ஏழு பேரிங் கிராங்க்கும் போய் இது வந்தா மூக்குப் பக்கம் எடை நல்லாவே எறங்கும், ஸ்டீயரிங் லேசாகும். டிஸ்ட்ரிபியூட்டர் இல்லாததால பழைய 350 மாதிரி பின்சுவரோட முட்டற தொந்தரவும் இல்ல. 1998-2002 கமாரோவோட ஆயில் சம்ப் பின்பக்கம் இருக்கறதால முன் கிராஸ்மெம்பரத் தாண்டி உக்காருதுன்னு பல பேர் அதத்தான் தேடி வாங்கறாங்க. கூடவே வர்ற 4எல்60இ கியர்பாக்ஸ்ல அதே 0.70 ஓவர்டிரைவ்.

ஹூஸ்டன் அண்ணன் கிட்ட ஒரு ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் பேசினேன். "இஞ்சின எறக்கி உக்கார வெக்கறது ஒரு வார இறுதி வேலைடா தம்பி, மீதி அஞ்சு மாசமும் மத்ததுக்குத்தான் போச்சு"ன்னார். என்னண்ணே மத்ததுன்னு கேட்டா சொல்லிட்டே போறார். எக்ஸ்ஜேக்கு ரெண்டு பெட்ரோல் டேங்க், பின் மட்காட்டுக்கு உள்ள ஆளுக்கு ஒரு பக்கம், எந்த டேங்க்ல இருந்து பெட்ரோல் எடுக்குதோ அதே டேங்க்குக்கு மிச்சம் திரும்பணும், அதுக்கு வால்வு வேற. எக்ஸ்கேல இருக்கற பழைய எல்-ஜெட்ரானிக் பெட்ரோல் இன்ஜெக்ஷனுக்கு சுமார் 36 பிஎஸ்ஐ அழுத்தம் போதும், எல்எஸ்க்கு 58 வேணும், அதனால பம்ப் மாத்தி, கொர்வெட்டோட ஃபில்டரும் ரெகுலேட்டரும் ஒண்ணா இருக்கற அந்தச் சாமான வாங்கிப் போட்டு, நாப்பது வருஷ ரப்பர் ஹோஸ் எல்லாத்தையும் புடுங்கி எறிஞ்சு புதுசு போட்டிருக்கார். ஸ்பீடோமீட்டர் கணக்கு வேற, ஆர்பிஎம் மீட்டர் ஆறு சிலிண்டர் கணக்குக்கு இருக்கறதால அதுக்கு ஒரு கன்வெர்ட்டர், ஸ்டீயரிங் ராடுக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் நடுவுல ஒரு விரல் எடம், ஏசி பைப்பு புதுசா வளைக்கணும். ஒவ்வொண்ணும் சின்ன வேலை, அடுக்கினா மலை.

ஓட்டறதுக்கு எப்படின்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு "நல்லா இருக்கு, பயங்கரமாப் போகுது, ஆனா சிக்னல்ல நிக்கறப்ப வேற காரா இருக்கு"ன்னார். அந்த வார்த்த எனக்குள்ள தங்கிருச்சு. வி8ஓட அந்த லேசான தாளம் சீட்டுல தெரியும், அது அழகுதான், ஆனா எக்ஸ்ஜே6ல ஐடில்ல நிக்கறப்ப இஞ்சின் ஓடுதான்னு மீட்டரப் பாத்துதான் தெரிஞ்சுக்கணும், அந்த அமைதிக்காக வாங்கின வண்டி இது.

கலிஃபோர்னியால எல்எஸ்க்கு ரெண்டு வழி. ஒண்ணு, கமாரோ, ஃபயர்பேர்ட் மாதிரி பயணி கார்ல இருந்து முழு செட்டா, கம்ப்யூட்டர், கேட்டலிட்டிக், கரி டப்பாவோட எடுக்கறது. லாரி இஞ்சின் மலிவா கெடைக்குதேன்னு எடுத்தா ரெஃப்ரீ கிட்ட வண்டி வகை சம்பந்தமா மாட்டிக்க வாய்ப்பு இருக்கு, வாங்கறதுக்கு முன்னாடி போன் பண்ணி கேட்டுருங்க. இன்னொண்ணு செவர்லே கம்பெனியே விக்கற இ-ராட் பேக்கேஜ், 1995 வரைக்குமான வண்டிகளுக்கு கலிஃபோர்னியா ஏர் போர்டு அனுமதியோட வர்றது, எல்எஸ்3 இ-ராட் 430 குதிரைசக்தி. சுத்தமான வழி, ஆனா இஞ்சின் விலைலயே ஒரு நல்ல எக்ஸ்ஜே6 ரெண்டு வாங்கலாம், அதுவும் 430ஐ வெச்சு நான் என்ன பண்ணப் போறேன், அந்தப் பின் ஆக்ஸில் தாங்கும், வி12க்கே அதான், அமெரிக்காவுல ஹாட் ராட் கட்டறவங்க ஜாகுவாரோட பின் சஸ்பென்ஷன தேடி வாங்கிப் போடற அளவுக்கு கெட்டி. ஆனா பின் பிரேக் டிஸ்க் ரெண்டும் டிஃபரென்ஷியலோட ஒட்டி உள்பக்கம் இருக்கு, பிரேக் சூடு நேரா ஆயில் சீலுக்குப் போகும், வேகமா ஓட்ட ஆரம்பிச்சா அங்க செலவு ஆரம்பிக்கும்.

ஏஜே16

இதப் பத்தி யாரும் பெருசாப் பேசறது இல்ல, எனக்கு அதுவே ஆச்சரியம். எக்ஸ்கேக்கு வாரிசா ஜாகுவார் 1983ல ஏஜே6 கொண்டுவந்துச்சு, முழுக்க அலுமினியம், நேர் ஆறு சிலிண்டர், 15 டிகிரி சாஞ்சு உக்காரும். அதோட கடைசி வடிவம் ஏஜே16, 1994ல எக்ஸ்300ங்கற கோட் பேர் இருக்கற எக்ஸ்ஜேல வந்துச்சு. 3,980 சிசி, 24 வால்வு, ஒவ்வொரு பிளக்குக்கும் தனி காயில், 245 குதிரைசக்தி. என் பழைய 176ஓட பாத்தா எழுவதுக்கிட்ட அதிகம், போதும், இந்த வண்டிக்கு இதுக்கு மேல கேக்கறது பேராசை. ஜாகுவார் செஞ்ச இஞ்சின்லயே உழைப்புக்குப் பேர் போனது இதுதான்னு ஜாகுவார்க்காரங்க நெறைய பேர் சொல்லுவாங்க, ஓவர்ஹீட் பண்ணாம ஆயில் மாத்திட்டு வந்தா ரெண்டு லட்சம் மைல் சர்வசாதாரணம்.

இதுக்கு அடுத்து வந்த ஜாகுவார் வி8, 1996ல எக்ஸ்கே8ல வந்தது, அதயும் யோசிச்சேன். ஆரம்பகால இஞ்சின்ல சிலிண்டர் சுவருக்கு நிக்கசில் பூச்சு, பெட்ரோல்ல கந்தகம் அதிகம் இருந்தா அரிச்சுரும், டைமிங் செயின் டென்ஷனரும் பிளாஸ்டிக். ஏன் வம்பு.

எக்ஸ்300 வண்டிங்க இப்ப அடிமாட்டு விலைக்குப் போகுது, பெயின்ட் போனது, உள்ள லெதர் கிழிஞ்சது, ஆனா இஞ்சின் பட்டு மாதிரி ஓடும். முழு வண்டியா வாங்கினா இஞ்சின், ஜெட்எஃப் நாலு ஸ்பீடு கியர்பாக்ஸ், கம்ப்யூட்டர், வயரிங், கேட்டலிட்டிக், கரி டப்பா, சென்சார், கேஸ் பெடல் வரைக்கும் எல்லாம் ஒரே எடத்துல, ஒரே வண்டில. ரெஃப்ரீ என்ன கேட்டாலும் "இதோ இருக்கு"ன்னு காட்டலாம். கியர்பாக்ஸ்ல நாலாவது 0.73, என் 2.88 ஆக்ஸிலோட 70 மைல்ல 1,900க்குள்ள நிக்கும்.

கஷ்டம் இல்லாம இல்ல, மறைக்கல. கிட் கெடையாது, மவுண்ட் எல்லாம் அளந்து செஞ்சுக்கணும். சாஞ்ச இஞ்சின் ஆனதால இன்டேக் பக்கம் எடத்த முன்கூட்டியே அட்டைப் பொட்டிய வெட்டி வெச்சுப் பாத்துதான் ஆகணும். சம்ப்புக்கும் கிராஸ்மெம்பருக்கும் வெட்டி ஒட்டற வேலை வரலாம். எல்லாத்துக்கும் மேல எலக்ட்ரானிக்ஸ், எக்ஸ்300ல இஞ்சின் கம்ப்யூட்டர் தனியா இல்ல, வண்டியோட மத்த பெட்டிகளோட பேசிட்டே இருக்கும், வேகம் என்ன, சாவி சரியா, ஏசி போட்டிருக்கா, கியர் எதுல இருக்குன்னு. ஒரு சிக்னல் வரலைன்னா செக் இஞ்சின் லைட்டு எரியும், அது எரிஞ்சா ரெஃப்ரீ கையெழுத்துப் போடமாட்டார். டெக்ஸாஸ்ல இருந்தா வெளிச் சந்தைல விக்கற தனி கம்ப்யூட்டர மாட்டி எல்லாத்தையும் தவிர்க்கலாம், இங்க அது செல்லாது. அதனால வயரிங் ஹார்னஸ் ஒவ்வொரு கம்பியா உரிச்சு, வரைபடத்தோட உக்காந்து, எது வேணும் எது வேணாம்னு பிரிக்கணும். இந்த வேல மூணு மாசம் ஆகும்னு என் கணக்கு. அது வேணாம்னு நெனைக்கறவங்க 1990-94 எக்ஸ்ஜே40ல (சீரிஸ் 3க்கு அடுத்து வந்த எக்ஸ்ஜேயோட கோட் பேர்) வந்த 4.0 ஏஜே6ஐப் பாக்கலாம், 223 குதிரைசக்தி, டிஸ்ட்ரிபியூட்டர் வெச்சது, கம்ப்யூட்டர் ரொம்ப எளிமை.

எக்ஸ்ஜே40 பத்தி ஜாகுவார் இஞ்சினியர்ங்க சொல்ற ஒரு கத உண்டு. அப்ப ஜாகுவாரோட தாய்க் கம்பெனியா இருந்த பிரிட்டிஷ் லேலண்டோட மேலிடம் எங்கயாச்சும் ரோவர் வி8ஐ உள்ள திணிக்கச் சொல்லிருமோன்னு பயந்து, வி8 உக்காரவே முடியாத மாதிரி அந்த பானட்டுக்குள்ள எடத்த வடிவமைச்சாங்களாம். அதனாலேயே பின்னாடி தங்களோட சொந்த வி12ஐ அதுல வெக்கறதுக்குள்ள 1993 ஆயிருச்சு. நேர் ஆறு சிலிண்டர் மேல அவங்களுக்கு அவ்வளவு பிடிவாதம். இதப் படிச்ச அன்னைக்குத்தான் என் தராசு ஏஜே16 பக்கம் சாஞ்சுதுன்னு நெனைக்கறேன்.

மின்சாரம்

நான் வேலை பாக்கற எடத்துல எல்லாரும் கேட்டது இதுதான், எலக்ட்ரிக் ஆக்கிரலாமேன்னு. ஜாகுவாரே 2017ல இ-டைப் ஸீரோன்னு பண்ணிக் காட்டினாங்க, அடுத்த வருஷம் இளவரசர் ஹாரி கல்யாணத்துல அவரு ஓட்டிட்டுப் போனது அந்தக் கார்தான். அமைதிங்கற ஒண்ண மட்டும் பாத்தா எக்ஸ்ஜேக்கு இதவிடப் பொருத்தம் எதுவும் இல்ல, ஸ்மாக் டெஸ்ட் தொல்லையும் போயிரும். ஆனா ஏற்கனவே 1,800 கிலோ கிட்ட இருக்கற வண்டி, பேட்டரிய டிக்கிக்குள்ளயும் பானட்டுக்குள்ளயும் பிரிச்சுத்தான் வெக்கணும், ஊருக்குள்ள ஓட்ட அருமையா இருக்கும், நான் இந்த வண்டிய வாங்கினது லாஸ் ஏஞ்சலஸ் வரைக்கும் ஒரே மூச்சுல ஓட்டறதுக்கு. செலவும் மத்த எல்லாத்தையும் தாண்டுது. பத்து வருஷம் கழிச்சு யோசிக்கலாம், இப்ப எனக்கு இல்ல.

வித்தா என்ன வரும்னு கேக்கறவங்களுக்கு: எது போட்டாலும் போட்ட காசு திரும்ப வராது. எக்ஸ்கே நல்லா இருக்கற ஒரிஜினல் வண்டிக்குத்தான் ஜாகுவார் பிரியர் கிட்ட மதிப்பு, எல்எஸ் போட்டதுக்கு வேற ஒரு கூட்டம் வரும், ஏஜே16 போட்டத யாரு வாங்குவாங்கன்னு எனக்கே சொல்லத் தெரியல. ஆனா எக்ஸ்கே பிளாக்க மட்டும் தூக்கிப் போட்டுராதீங்க, விரிசல் விட்டதா இருந்தாலும் நம்பரோட பத்திரமா வெச்சிருங்க, வண்டிய அடுத்து வாங்கறவர் ஸ்லீவ் அடிச்சு திரும்ப மாட்டணும்னு ஆசைப்படலாம். அதுக்காகவே நான் பாடில எங்கயும் வெட்டறது இல்ல, புதுசா ஓட்டை போடறது இல்லன்னு முடிவு பண்ணிருக்கேன், மவுண்ட் எல்லாம் ஏற்கனவே இருக்கற போல்ட் துளைலதான் உக்காரணும்.

பிப்ரவரில சாக்ரமென்டோ பக்கம் ஒரு 1996 எக்ஸ்ஜே6 கெடச்சுது. பச்சை கலர், பின்னால இடி வாங்கி டிக்கி உள்ள போனது, 1,31,000 மைல். ஓனர் ஒரு வயசானவர், சர்வீஸ் பில் எல்லாம் ஒரு ஃபைல்ல போட்டு வெச்சிருந்தார். சாவியத் திருப்பினப்ப ஸ்டார்ட் ஆச்சா இல்லையான்னு ஒரு நொடி தெரியல, ஆர்பிஎம் முள்ளு 700ல நின்னுச்சு. கூலன்ட் மூடியத் திறந்து பாத்தேன், சுத்தமா இருந்துச்சு, கம்ப்ரெஷன் டெஸ்ட் எடுத்தேன், ஆறும் ஒரே அளவு. அன்னைக்கே காசு குடுத்துட்டேன்.

இப்ப ரெண்டு வண்டியும் டிரைவ்வேல பக்கத்துல பக்கத்துல நிக்குது. போன வாரம் அட்டைய வெட்டி ஏஜே16ஓட வடிவத்துல ஒரு மாதிரி செஞ்சு பழைய பானட்டுக்குள்ள வெச்சுப் பாத்தேன், பின்சுவர்கிட்ட ரெண்டு இஞ்ச் மிச்சம், முன்னால ரேடியேட்டர் ஃபேனுக்கும் எடம் இருக்கு, சம்ப் மட்டும் கிராஸ்மெம்பர்ல முக்கால் இஞ்ச் இடிக்குது. சனிக்கிழமை சம்ப்பக் கழட்டறேன்.